பிராய்லர் குஞ்சுத் தீவனத்தில் அமினோ அமிலங்கள்: எதற்குப் பதில் எது, எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முதல் நாளிலிருந்து 21 நாள் வரையான கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தைப் பற்றியது. மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் வைத்துத் தாங்களே அரைத்துக் கலக்கும் பண்ணையாளர்களுக்காகவும், பல்லடம், உடுமலை, நாமக்கல் பக்கத்துச் சிறு தீவன ஆலைக்காரர்களுக்காகவும் எழுதப்பட்டது. கம்பெனிக்கு வளர்ப்புக் கூலிக்கு வளர்ப்பவர்கள் தீவனத்தில் கை வைக்க முடியாது. ஆனாலும் ஒரு பேட்ச் முதல் வாரத்திலேயே ஏன் பின்தங்குகிறது என்று சூப்பர்வைசரிடம் சரியான கேள்வி கேட்க இது உதவும்.

தீவனத்தில் புரதம் 22 சதவீதம் இருக்கிறது. அதற்கு மேலும் அமினோ அமிலம் எதற்கு?

குஞ்சு புரதத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. குடலில் அமினோ அமிலங்களாகப் பிரித்த பிறகுதான் அது இரத்தத்தில் சேர்கிறது. அவற்றில் எது தேவைக்கு மிகவும் குறைவாக இருக்கிறதோ, அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுவிடும். மற்றவை எவ்வளவு மிஞ்சினாலும் பயனில்லை. மக்காச்சோளம், சோயா தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின் (சிஸ்டினையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்). அடுத்தது லைசின், மூன்றாவது திரியோனின், நான்காவது பெரும்பாலும் வேலின்.

மிஞ்சியவை வீணாவதோடு நிற்பதில்லை. அவற்றின் நைட்ரஜன் யூரிக் அமிலமாக எச்சத்தில் போகிறது. அதை வெளியேற்றக் குஞ்சு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறது, தேங்காய் நார்க் கூளம் ஈரமாகிறது, அம்மோனியா ஏறுகிறது. தீவனப் புரதத்தை 1 சதவீதம் குறைத்து, குறைந்த அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்தால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் குறையும்.

குஞ்சுக்கு எவ்வளவு வேண்டும்?

லைசினைத்தான் அளவுகோலாக வைப்பார்கள். இன்றைய வேக வளர்ச்சி இனங்களுக்கு முதல் 10–12 நாளில் செரிக்கும் லைசின் 1.22 முதல் 1.32 சதவீதம் வரை வேண்டும். இனத்துக்கான கையேடு எதைச் சொல்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். லைசினை 100 என்று வைத்தால் மற்றவை வரவேண்டிய விகிதம்: மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 74–76, திரியோனின் 67, வேலின் 75, ஐசோலூசின் 67, ஆர்ஜினின் 105–108, டிரிப்டோஃபேன் 16.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆய்வக அறிக்கையில் வருவது பெரும்பாலும் மொத்த லைசின். கையேட்டில் இருப்பது செரிக்கும் லைசின். 46 சதவீதப் புரதமுள்ள சோயாப் புண்ணாக்கில் மொத்த லைசின் 2.85 என்றால் செரிப்பது சுமார் 2.55. மொத்தக் கணக்கில் பார்த்துவிட்டு "தேவைக்கு மேலேயே இருக்கிறது" என்று நிறுத்தினால், உண்மையில் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே போட்டிருப்பீர்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 1994 அட்டவணையில் முதல் மூன்று வாரத்துக்கு லைசின் 1.10 என்று இருக்கிறது. இன்னும் சிலர் அதையே எடுத்து ஆள்கிறார்கள். அது முப்பது ஆண்டுக்கு முந்தைய கோழிக்கு எழுதிய அளவு. இன்றைய குஞ்சுக்குப் போதாது.

ஒரு டன்னுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

ஓர் உதாரணம். மக்காச்சோளம் 560 கிலோ, சோயாப் புண்ணாக்கு 375 கிலோ, எண்ணெய் 25 கிலோ. மீதி 40 கிலோவில் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்), சுண்ணாம்புத் தூள், உப்பு, வைட்டமின் மற்றும் தாது கலவைகள், அமினோ அமிலங்கள். இலக்கு: செரிக்கும் லைசின் 1.25 சதவீதம், அதாவது டன்னுக்கு 12.5 கிலோ.

லைசின்: மக்காச்சோளத்திலிருந்து 560 × 0.21% = 1.18 கிலோ. சோயாவிலிருந்து 375 × 2.55% = 9.56 கிலோ. ஆக 10.74. பற்றாக்குறை 1.76 கிலோ.

மெத்தியோனின் + சிஸ்டின்: 560 × 0.32% = 1.79; 375 × 1.10% = 4.13, ஆக 5.92. வேண்டியது 12.5-இல் 75 சதவீதம், 9.4 கிலோ. பற்றாக்குறை சுமார் 3.46 கிலோ.

திரியோனின்: 1.34 + 5.74 = 7.08, வேண்டியது 8.4, பற்றாக்குறை 1.3 கிலோ. வேலின்: 1.85 + 7.13 = 8.98, வேண்டியது 9.4, பற்றாக்குறை 0.4 கிலோ. ஆர்ஜினின் போதுமான அளவு வந்துவிடுகிறது, ஐசோலூசின் கிட்டத்தட்டச் சரி.

அந்த 3.46 கிலோ மெத்தியோனினைச் சோயாவை வைத்தே அடைத்துவிடலாமே என்று தோன்றலாம். மக்காச்சோளத்தை எடுத்துவிட்டுச் சோயா போட்டால் கிலோவுக்கு நிகர லாபம் 7.8 கிராம்தான். இன்னும் 440 கிலோ சோயா வேண்டும், தீவனப் புரதம் 38 சதவீதத்தைத் தாண்டும். மூன்றரைக் கிலோ வெள்ளை மெத்தியோனின் தூள் செய்கிற வேலை இது.

மேலே உள்ள சத்து மதிப்புகள் சராசரி. பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கும் வடக்கிலிருந்து வரும் லோடுக்கும் புரதத்தில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வரும். ஒவ்வொரு லோடையும் புரதத்துக்காவது சோதித்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்துங்கள்.

டி.எல். மெத்தியோனினா, திரவ மெத்தியோனினா? எது மலிவு?

விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய முடியாத கேள்வி இது. இரண்டும் வேறு வேறு வேதிப்பொருள். டி.எல். மெத்தியோனின் 99 சதவீதத் தூய்மையுள்ள தூள். திரவம் என்று விற்கப்படுவது மெத்தியோனினின் ஹைட்ராக்சி ஒப்புமை: அமினோ தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கும். குஞ்சின் உடல் அதை மெத்தியோனினாக மாற்றிக்கொள்ளும். திரவத்தில் செயல்படும் பொருள் 88 சதவீதம், தண்ணீர் 12 சதவீதம்.

சண்டை அந்த 88-இல்தான். அதில் கிட்டத்தட்டக் கால் பங்கு தனி மூலக்கூறாக இல்லை. இரண்டு மூன்று ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும். குடலில் அவை முதலில் உடைய வேண்டும், பிறகுதான் உறிஞ்சப்படும். இளங்குஞ்சின் குடலில் இது முழுமையாக நடப்பதில்லை. தாமதமாகும் பங்கைக் குடல் நுண்ணுயிரிகள் தின்றுவிடும். இதனால் எடைக்கு எடை ஒப்பிட்டால் 100 கிலோ திரவம் 65 கிலோ டி.எல். மெத்தியோனினுக்குச் சமம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. திரவம் விற்கும் தரப்பு 88 என்கிறது. இரு தரப்பிலும் சோதனை முடிவுகள் உண்டு. தேவைக்கு மேல் மெத்தியோனின் உள்ள தீவனத்தில் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேவைக்குக் கீழே ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். 21 நாள் வரையான தீவனத்துக்கு 65 முதல் 75-க்குள் ஒரு எண்ணை வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து.

நம் உதாரணத்தில் டி.எல். மெத்தியோனின் 3.46 கிலோ. அதே வேலைக்குத் திரவம் 88 கணக்கில் 3.9 கிலோ, 65 கணக்கில் 5.3 கிலோ. டி.எல். மெத்தியோனின் கிலோ 100 ரூபாய் என்று வைத்தால், 65 கணக்கில் திரவம் 65 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் லாபம். 70 கணக்கில் 70 ரூபாய். அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள், பதில் வந்துவிடும்.

விலைக்கு அப்பால் கவனிக்க வேண்டியவையும் உண்டு. திரவத்தின் அமிலத்தன்மை கடுமையானது, பி.எச். 1-க்கும் கீழே. சாதா இரும்புத் தொட்டியையும் குழாயையும் அரித்துவிடும். பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் தொட்டி, அளவு பார்க்கும் பம்ப், நாசில் எல்லாம் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆளை நிறுத்தக் கூடாது. அடர்த்தி 1.23. லிட்டர் மக்கில் அளந்து "5 லிட்டர் ஊற்றினேன்" என்றால் உண்மையில் போனது 6 கிலோவுக்கு மேல். 5.3 கிலோ என்பது 4.3 லிட்டர். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. டன் கணக்கில் கையால் கலக்கும் இடத்துக்குத் தூள்தான் சரி. மணிக்கு ஐந்து, பத்து டன் ஓட்டும் ஆலைக்குத் திரவம் வசதி: தூசு கிடையாது, மூட்டை தூக்கும் வேலை கிடையாது.

திரவத்தின் அமிலம் தீவனத்தில் பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கும் என்பதும் உண்மைதான். அதை மெத்தியோனின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதன் கால்சியம் உப்பு தூளாகவும் வருகிறது. அதில் செயல்படும் பொருள் 84 சதவீதம், கால்சியம் சுமார் 12 சதவீதம். தூளாக இருப்பதால் கலக்க எளிது. மதிப்பு பற்றிய அதே வாதம் இதற்கும் உண்டு.

எல்-மெத்தியோனின் என்று புதிதாக விற்கிறார்களே, அது இன்னும் உயர்ந்ததா?

டி.எல். என்பதில் பாதி எல் வடிவம், பாதி டி வடிவம். உடல் புரதம் கட்டுவது எல் வடிவத்தை வைத்துத்தான். ஆனால் டி வடிவ மெத்தியோனினைக் கோழியின் கல்லீரலும் சிறுநீரகமும் திறமையாக எல் வடிவமாக மாற்றிவிடும். முதல் ஒன்றிரண்டு வாரத்தில் எல் வடிவம் சற்று மேல் என்று சில சோதனைகள் காட்டுகின்றன. வித்தியாசம் சிறியது. கிலோ விலை ஒன்றாக இருந்தால் எதையும் வாங்கலாம். லைசினுக்கும் திரியோனினுக்கும் இந்தச் சலுகை இல்லை: அவற்றின் டி வடிவம் கோழிக்குப் பயனே படாது, அதனால் அவை எல் வடிவத்தில் மட்டுமே விற்பனைக்கு வருகின்றன.

லைசின் சல்ஃபேட் மூட்டை விலை குறைவு. ஹைட்ரோகுளோரைடிலிருந்து மாறலாமா?

மாறலாம். ஆனால் கிலோவுக்குக் கிலோ மாற்றக் கூடாது. லைசின் ஹைட்ரோகுளோரைடில் 78 சதவீதம் லைசின் இருக்கிறது. லைசின் சல்ஃபேட் மூட்டையில் '70' என்று போட்டிருப்பார்கள். அது லைசின் சல்ஃபேட்டின் சதவீதம். லைசினாகப் பார்த்தால் பெரும்பாலும் 51 முதல் 55 வரைதான், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பகுப்பாய்வுச் சான்றிதழில் 'எல்-லைசின்' என்ற வரியைப் பாருங்கள், முகப்பு எண்ணைப் பார்க்காதீர்கள்.

நம் உதாரணத்தில் வேண்டிய 1.76 கிலோ லைசினுக்கு ஹைட்ரோகுளோரைடு 2.26 கிலோ, 55 சதவீத சல்ஃபேட் 3.2 கிலோ. மாற்றும்போது பழைய பழக்கத்தில் 2.3 கிலோவே போட்டால், டன்னுக்கு அரை கிலோ லைசின் குறையும், 1.25 இருக்க வேண்டிய இடத்தில் 1.20 தான் இருக்கும். குஞ்சு சாகாது, நோயும் வராது. ஏழாம் நாள் எடையில் சில கிராம், கடைசியில் நெஞ்சுக் கறியில் கொஞ்சம் குறையும். யாருக்கும் காரணம் தெரியாது, குஞ்சு கொடுத்த ஹேச்சரி மேல் பழி விழும்.

விலைக்கு விதி எளிது: 55-ஐ 78-ஆல் வகுத்தால் 0.70. ஹைட்ரோகுளோரைடு விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே சல்ஃபேட் கிடைத்தால் லாபம். சல்ஃபேட் பழுப்பு நிறக் குருணையாக வரும். நொதிக்கும்போது வளர்ந்த நுண்ணுயிரிப் பொருளும் அதில் சேர்ந்திருப்பதால் மற்ற அமினோ அமிலங்களும் கொஞ்சம் கிடைக்கும். அதற்காக ஓரிரண்டு சதவீதம் விலை கூடுதலாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

குளோரைடையும் பாருங்கள். ஹைட்ரோகுளோரைடு எடையில் சுமார் 19 சதவீதம் குளோரைடு. 2.26 கிலோ போட்டால் 0.43 கிலோ குளோரைடு உள்ளே போகிறது, அதாவது சுமார் 0.7 கிலோ உப்பில் இருப்பது. கோலின் குளோரைடும் சேரும். உப்பைக் குறைக்காமல் விட்டால் குளோரைடு மிகுந்து, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த பக்கத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள சமநிலை கெடும். உப்பைக் கொஞ்சம் குறைத்து, சோடியத்துக்குச் சோடா உப்பைப் போடுவதே வழக்கமான தீர்வு. சோடியம் 0.18–0.22, குளோரைடு 0.18–0.25 சதவீதத்துக்குள் நிற்கட்டும். சல்ஃபேட்டில் இந்தத் தொல்லை இல்லை. மாறிய பிறகு குளோரைடு குறைந்திருக்கும் என்பதை மறந்து உப்பைப் பழைய அளவிலேயே விடவும் கூடாது.

திரியோனினும் வேலினும் கட்டாயமா?

புரதம் 23 சதவீதத்துக்கு மேல் வைத்தால் வேலின் இல்லாமல் தள்ளிவிடலாம். திரியோனினை விடாதீர்கள். குடலின் உட்சுவரைப் பூசும் சளிப்படலத்தில் திரியோனின் மிகுதி. முதல் இரண்டு வாரத்தில் குடல் வேகமாக வளரும்போது அதன் தேவையும் கூடும். காக்சிடியோசிஸ் (குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய்) வந்த கொட்டகையில் அது இன்னும் அதிகம். 98.5 சதவீதத் தூய்மையுள்ள தூளாகக் கிடைக்கிறது.

புரதத்தை 20 சதவீதத்துக்கும் கீழே இறக்கும் துணிச்சல் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீன் தூளோ இறைச்சித் தூளோ இல்லாத சைவத் தீவனத்தில் கிளைசின் குறையும். ஒரு யூரிக் அமில மூலக்கூறு கட்ட ஒரு கிளைசின் செலவாகிறது. குஞ்சால் அதை வேண்டிய வேகத்தில் தானே தயாரிக்க முடியாது. ஆர்ஜினினும் அப்படித்தான்: பாலூட்டிகளைப் போலக் கோழி அதைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. சோயாவை வெகுவாகக் குறைத்தால் இவை இரண்டும் திடீரென்று எதிரே வந்து நிற்கும்.

மூலிகை மெத்தியோனின், பீட்டைன், கோலின் போட்டால் மெத்தியோனினைக் குறைக்கலாமா?

மூலிகை மெத்தியோனின் என்று விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் மெத்தியோனின் எத்தனை சதவீதம்? சான்றிதழில் அந்த எண் இல்லை என்றால், நம் கணக்கில் அதன் இடம் பூஜ்யம். செடிக்கு வேறு குணங்கள் இருக்கலாம். சிறகிலும் தசையிலும் போய்ச் சேர மெத்தியோனின் மூலக்கூறு வேண்டும். டன்னுக்கு 1 கிலோ பொடிக்குள் 3.5 கிலோ மெத்தியோனின் ஒளிந்திருக்க வழியில்லை.

பீட்டைன், கோலின் விஷயம் வேறு. மெத்தியோனின் இரண்டு வேலை செய்கிறது: புரதம் கட்டுவது, மெத்தில் தொகுதி கொடுப்பது. இரண்டாவது வேலையில் பீட்டைன் கை கொடுக்கும். கோலின் முதலில் பீட்டைனாக மாற வேண்டும். குஞ்சுப் பருவத்தில் முதல் வேலைதான் பெரியது. அதனால் குஞ்சுத் தீவனத்தில் இவற்றை நம்பி மெத்தியோனினைக் குறைக்க வேண்டாம். வெயில் காலத்தில் பீட்டைன் போடுவதற்கு வேறு காரணம் இருக்கிறது.

தண்ணீரில் அமினோ அமில டானிக் விட்டால் போதாதா?

கணக்கே பதில் சொல்லும். முதல் வாரம் ஒரு குஞ்சு நாளுக்குச் சராசரி 25 கிராம் தீவனம் தின்னும், சுமார் 50 மில்லி தண்ணீர் குடிக்கும். 1,000 குஞ்சுக்கு 50 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 1 மில்லி வீதம் 50 மில்லி டானிக். லேபிளில் லிட்டருக்கு 10 கிராம் லைசின் என்று இருந்தால் 50 மில்லியில் அரை கிராம். அதே நாளில் 25 கிலோ தீவனத்திலிருந்து அந்தக் குஞ்சுகளுக்குக் கிடைப்பது 312 கிராம் லைசின். அரை கிராமை ஆயிரம் குஞ்சு பங்கு போட்டுக்கொள்கின்றன. தடுப்பூசிக்குப் பிறகு, தீவனம் எடுக்காத நாளில் வைட்டமினுக்காக டானிக் கொடுப்பதில் தவறில்லை. அதைத் தீவனக் குறையை அடைக்கும் வழியாக நினைப்பதில்தான் தவறு.

புண்ணாக்கு வகையை மாற்றினால் அமினோ அமில அளவும் மாறுமா?

கட்டாயம் மாறும். கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின், திரியோனின் மூன்றும் குறைவு, ஆர்ஜினின் மிகுதி. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் பயத்தில் குஞ்சுத் தீவனத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது. எள்ளுப் புண்ணாக்கு மெத்தியோனினில் பணக்காரன், லைசினில் ஏழை. அரிசி டி.டி.ஜி.எஸ். (சாராய ஆலையில் மிஞ்சும் தானியத்தை உலர்த்தியது) புரதம் 40-க்கு மேல் காட்டும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம், உலர்த்தும் சூட்டில் லைசின் பாழாகியிருக்கும். அடர் நிறமும் கருகிய வாசனையும் உள்ள லோடைக் குஞ்சுத் தீவனத்துக்கு எடுக்காதீர்கள். மக்காச்சோளக் குளூட்டன் சேர்த்தால் லூசின் மிகுந்துபோகும். அது வேலின், ஐசோலூசின் இரண்டின் பயனையும் கெடுக்கும். கருவாட்டுத் தூள் அமினோ அமில அமைப்பில் நல்ல சரக்கு, மணலும் உப்பும் இல்லாமல் கிடைத்தால்.

சோயாவிலும் வேக்காடு முக்கியம். அதிகமாக வெந்தால் லைசின் சர்க்கரையோடு பிணைந்துவிடும். ஆய்வகத்தில் புரதம் 46 என்றே வரும், குஞ்சுக்குக் கிடைக்காது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைதிறன் (அந்தக் கரைசலில் கரையும் புரதத்தின் சதவீதம்) 78 முதல் 85-க்குள் இருக்க வேண்டும். 74-க்குக் கீழே போனால் கருகியது. வேகாமல் இருந்தால் யூரியேஸ் அளவு 0.20-க்கு மேல் ஏறும், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் மீந்திருக்கும். அப்போது குஞ்சு கழியும், கணையம் பெருக்கும். கருகிய சோயாவின் லைசின் குறையைத் தனி லைசின் ஓரளவு ஈடுகட்டும். வேகாத சோயாவுக்கு எந்த அமினோ அமிலமும் மருந்தாகாது.

சிறிய மிக்சரில் இதை எப்படிச் சமமாகக் கலப்பது?

முதல் நாள் குஞ்சு தின்பது 12–15 கிராம். அந்தப் பிடிக்குள் 45 மில்லிகிராம் மெத்தியோனின் தூள் இருக்க வேண்டும். எவ்வளவு நுணுக்கமாகக் கலக்க வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும்.

அமினோ அமிலங்களை 100 கிலோ பிளாட்பாரத் தராசில் நிறுக்காதீர்கள். 5 கிராம் துல்லியமுள்ள மேசைத் தராசு வேண்டும். நிறுத்ததை 20 கிலோ மெல்லிய மக்காச்சோள மாவோடு தனியாகக் கலந்து முன்கலவை செய்யுங்கள். மிக்சரில் பாதி மக்காச்சோளம் போன பிறகு முன்கலவையைப் போட்டு, அதன்மேல் சோயாவும் மீதியும். எண்ணெயைக் கடைசியில் ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் தூள் எண்ணெயில் ஒட்டி உருண்டையாகிவிடும். ரிப்பன் மிக்சருக்கு எண்ணெய்க்கு முன் 3–5 நிமிடம் போதும். நிமிர்ந்து நிற்கும் திருகு மிக்சருக்கு 12–15 நிமிடம் வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க இதைப் பாதியாக்குவதுதான் "குஞ்சு ஒரே சீராக வரவில்லை" என்ற புகாருக்கு முதல் காரணம்.

சோதிக்க எளிய வழி: ஒரே கலவையிலிருந்து பத்து இடத்தில் மாதிரி எடுத்து உப்பு அளவு பாருங்கள். மாறுபாட்டுக் கெழு (சராசரியோடு ஒப்பிட்ட சிதறல்) 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

பெல்லட் சூடு இவற்றைக் கெடுக்குமா என்றும் கேட்கிறார்கள். 80–85 டிகிரியில் கெடாது. வெல்லப்பாகு நிறையச் சேர்த்துச் சூடேற்றினால் லைசின் கொஞ்சம் பாதிக்கும்.

வாங்கிய தூளில் கலப்படம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஒரு ஸ்டீல் கரண்டியில் ஒரு கிராம் எடுத்து, காற்றோட்டமான இடத்தில் முழுக்க எரியுங்கள். நல்ல மெத்தியோனின், லைசின் ஹைட்ரோகுளோரைடு, திரியோனின் எதுவும் சாம்பல் விடாது, கறைபோல ஏதாவது இருக்கலாம். வெள்ளைச் சாம்பல் மிஞ்சினால் சுண்ணாம்போ உப்போ கலந்திருக்கிறது. தூளின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு. அயோடின் சொட்டு விட்டு நீலமானால் மாவு. கால்சியம் உப்பு வடிவ மெத்தியோனினுக்கு எரிக்கும் சோதனை பொருந்தாது, அது இயல்பிலேயே சாம்பல் விடும். லைசின் சல்ஃபேட்டுக்கும் அதை நம்ப வேண்டாம்.

கரைதிறனும் ஒரு குறிப்பு. 100 மில்லி தண்ணீரில் டி.எல். மெத்தியோனின் 3 கிராம் அளவுக்குத்தான் கரையும். லைசின் ஹைட்ரோகுளோரைடு பல மடங்கு கரையும். "மெத்தியோனின்" பத்து கிராம் சட்டென்று கரைந்துவிட்டால் சந்தேகப்படுங்கள்.

உறுதிக்கு ஆய்வகம்தான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கலந்த தீவனத்தை அனுப்பும்போது ஒன்றை எழுதிக் கொடுங்கள்: திரவ மெத்தியோனின் சேர்த்ததா, தூளா? திரவம் வேதியியல்படி அமினோ அமிலம் இல்லை, வழக்கமான அமினோ அமிலப் பகுப்பாய்வில் அது தென்படாது. அதற்குத் தனி முறை வேண்டும். சொல்லாமல் அனுப்பி, "மெத்தியோனின் போடவே இல்லை" என்ற அறிக்கையை வைத்து ஆலைக்காரரோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

இரண்டு சரக்கில் எது மேல் என்று நம் பண்ணையிலேயே ஒப்பிட முடியுமா?

முடியும். ஆனால் ஒரு கொட்டகைக்கு ஒன்று, பக்கத்துக் கொட்டகைக்கு மற்றொன்று என்று போடுவது ஒப்பீடு ஆகாது. குஞ்சின் தாய்க்கோழி வயது, காற்று, புரூடர் சூடு, கூளம் எல்லாமே வேறாக இருக்கும். எது காரணம் என்று பிரிக்க முடியாது.

சரியான முறை இது. டி.எல். மெத்தியோனினையும் திரவத்தையும் ஒப்பிடுவதாக வைப்போம். நம் உதாரணத் தீவனத்தில் லைசின், திரியோனின், வேலின் எல்லாம் முழு அளவு போட்டு, மெத்தியோனின் மட்டும் போடாமல் அடிப்படைத் தீவனம் தயாரியுங்கள். அதிலிருந்து ஐந்து தீவனம்: (1) எதுவும் சேர்க்காதது, (2) டன்னுக்கு டி.எல். மெத்தியோனின் 0.65 கிலோ, (3) அதே 1.30 கிலோ, (4) திரவம் 1 கிலோ, (5) திரவம் 2 கிலோ. திரவத்தின் மதிப்பு உண்மையில் 65 என்றால் 2-உம் 4-உம் சமமாக வரும், 3-உம் 5-உம் சமமாக வரும். 88 என்றால் திரவம் சேர்த்த தீவனங்கள் தெளிவாக முந்தும். அதிக அளவிலும் மொத்தம் தேவையை எட்டாது. அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். தேவைக்கு மேல் போட்டு ஒப்பிட்டால் மண்ணும் பொன்னும் ஒரே எடை காட்டும்.

ஒவ்வொரு தீவனத்துக்கும் குறைந்தது 8 சிறு தடுப்பு, தடுப்புக்கு 12 குஞ்சு: மொத்தம் 480. ஒரே ஹேச்சரி, ஒரே நாள், முடிந்தால் ஆண் குஞ்சு மட்டும். ஒவ்வொன்றையும் நிறுத்து, தடுப்புகளின் சராசரி எடை ஒரு கிராமுக்குள் இருக்கும்படி பிரியுங்கள். கொட்டகையை எட்டு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து தீவனமும் ஒவ்வொரு தடுப்பு வரட்டும், இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் புரூடருக்கு அருகில் இருந்த தீவனம்தான் வெல்லும். எடுத்துப் போடுபவருக்கு எது எது என்று தெரியாமல் நிறக் குறி மட்டும் வையுங்கள்.

7, 14, 21-ஆம் நாளில் எடையும் மிச்சத் தீவனமும். செத்த குஞ்சையும் அன்றே நிறுத்து எழுத வேண்டும். எஃப்.சி.ஆர். (தீவன மாற்று விகிதம்) கணக்கு: தின்ற தீவனத்தை, கடைசி உயிரெடையும் செத்தவற்றின் எடையும் சேர்த்து ஆரம்ப எடையைக் கழித்ததால் வகுக்க வேண்டும். எட்டுத் தடுப்புகளின் எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறுகின்றன என்று முதலில் பாருங்கள். சராசரிகளின் வித்தியாசம் அந்தச் சிதறலுக்குள் அடங்கினால் வெற்றியாளர் யாரும் இல்லை.

மெத்தியோனின் இல்லாத கூட்டத்தில் சிறகு சரியாக முளைக்காது, ஒன்றையொன்று கொத்தும். 21 நாளோடு முடித்து எல்லாவற்றையும் முழுத் தீவனத்துக்கு மாற்றிவிடுங்கள். லைசின் வகைகளை ஒப்பிடும்போது இதையே திருப்பிப் போடுங்கள்: மெத்தியோனின் முழு அளவு, லைசின் குறை.

கூடுதலாகப் போட்டால் தீங்கு உண்டா?

அமினோ அமிலங்களில் மிகுதியால் அதிகம் கெடுதல் செய்வது மெத்தியோனின்தான். தேவைக்கு மேல் தீவனத்தில் 1 சதவீதம் போனாலே வளர்ச்சி குறையும், தீவனம் எடுப்பது சுருங்கும். டன்னுக்கு 3.5 என்பது 5 ஆகிவிட்டால் பணம்தான் நட்டம். தசமப் புள்ளி தவறி 35 ஆனால் குஞ்சு நட்டம். லைசினை எல்லை மீறிப் போட்டால் ஆர்ஜினினை அது விரட்டும், கடலை இல்லாத, சோயா குறைந்த தீவனத்தில் இது வேகமாகத் தெரியும்.

குஞ்சைப் பார்த்தே எது குறை என்று சொல்ல முடியுமா?

லேசான குறையைக் கண்ணால் பிடிக்க முடியாது, தராசு வேண்டும். சுமார் 42 கிராமில் வரும் குஞ்சு ஏழாம் நாள் நான்கு மடங்குக்கு மேல் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் புரூடர் சூடு, தண்ணீர், தீவனத் தட்டின் எண்ணிக்கை. அவை சரியென்றால் பிறகு தீவனம். மெத்தியோனின் லேசாகக் குறைந்தால் குஞ்சு தீவனத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே தின்னும், எடை ஏறாது, கொழுப்பு சேரும். அதனால் "நன்றாகத் தின்கிறதே" என்று ஏமாறுவார்கள். கடுமையாகக் குறைந்தால் இறக்கைச் சிறகு கலைந்து, முதுகு வெறிச்சோடி இருக்கும். லைசின் குறைந்தால் நெஞ்சு எலும்பு கைக்குத் தட்டுப்படும், ஒரே கொட்டகையில் சிறிதும் பெரிதுமாகத் தெரியும். சிறகு கெடுவதற்கு உண்ணியும் நெருக்கடியும்கூடக் காரணமாகலாம். தீவன மாதிரியை ஒவ்வொரு கலவையிலும் அரை கிலோ எடுத்து, தேதி எழுதி, அந்த பேட்ச் விற்று முடியும்வரை குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள். சந்தேகம் வரும் நாளில் சோதிக்க ஏதாவது கையில் இருக்கும்.